சான்றுக்குச் சான்று யார்?

வேலிக்கு ஓணான் சாட்சி என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வேலி யாருடையது என்ற வழக்கிலே, அவ்வேலியில் ஏறி இறங்கித் திரியும் ஓணானைச் சாட்சிக்கு அழைப்பதால் என்ன பயன் என்று அது நகைக்கிறது. தன் காரியத்துக்குத் தானே சாட்சியாக நிற்பவனை உலகம் எளிதில் நம்புவதில்லை. ஆயினும் இன்றைய கணினி உலகில் தனக்குத் தானே ஒப்பமிட்டுக்கொள்ளும் சான்றிதழ் ஒன்று உண்டு. அதனைத் தற்சான்று எனலாம். அது பயனற்றதன்று; பழிக்கத்தக்கதுமன்று. அது எவ்விடத்தில் செல்லும், எவ்விடத்தில் செல்லாது என்பதைத் தெளிவுபடுத்துவதே இப்பேச்சின் நோக்கம்.

சான்றிதழ் என்றவுடன் மலைநாட்டு மக்களுக்குப் பழைய நினைவொன்று எழுவது இயல்பு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் பலரின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு கயிற்றிற் கோத்துத் தொங்கியது. தோட்டத்தின் பதிவிலக்கமும் தொழிலாளியின் இலக்கமும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவுக்குக் கையிற் காசு இல்லாத ஒருவர், அந்தத் தகரச் சீட்டின் பலத்திலே புகைவண்டியேறிக் கடல் கடந்து டிக்கோயாவின் மலைச்சரிவு வரையில் வந்து சேர்ந்தார். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது.

அந்தத் தகரத்துக்கு அத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? சந்தையில் அதன் விலை ஒரு சதமும் பெறாது. அதனை அடித்துக் கொடுத்தவர் யார் என்பதை வழியிலிருந்த உத்தியோகத்தர் எல்லாரும் அறிந்திருந்தனர், அறிந்தமையால் நம்பினர். சான்றின் இரகசியம் முழுவதும் இதிலே அடங்கியிருக்கிறது. சான்றிதழ் தன்னால் மதிப்புப் பெறுவதில்லை; தன்னை வழங்கியவரால் மதிப்புப் பெறுகிறது.

இன்றும் முறை அதுவே. டிக்கோயாவில் வாழும் ஒருவர் தம் வதிவிடத்தை நிரூபிக்க வேண்டுமாயின் கிராம உத்தியோகத்தரிடம் செல்கிறார். அவர் கொடுக்கும் சான்றிதழில் பிரதேச செயலாளர் மேலொப்பம் இடுகிறார். கொழும்பில் இருக்கும் அலுவலகத்துக்கு அந்தக் கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் தெரியாது. பிரதேச செயலகத்தின் முத்திரை தெரியும். அந்த முத்திரைக்குப் பின்னால் அரசு நிற்கிறது என்பதும் தெரியும். இவ்வாறு சான்று படிப்படியாக மேலேறிச் சென்று, ஈற்றில் அரசின் இலச்சினையில் வந்து முடிகிறது. அந்த இலச்சினைக்கு மேலே ஒப்பமிட வேறொருவர் இல்லை. அது தனக்குத் தானே சான்று. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், கணினிகளின் சான்றிதழை விளங்கிக்கொள்வது கடினமன்று.

ஒரு கணினி மற்றொரு கணினியோடு பேசும்போது முகம் தெரிவதில்லை, குரலும் கேட்பதில்லை. கம்பி வழியே வருவன வெறும் எண்கள். நான்தான் வங்கி என்று எந்தக் கணினியும் சொல்லிவிடலாம். இடையிலே புகுந்த வஞ்சகன் ஒருவன் இரு பக்கத்தாருக்கும் மற்றவராக நடித்துக் கடவுச்சொல்லைக் கவர்ந்துகொள்ளலாம். ஆகவே, பேசத் தொடங்குமுன் நீர் யார் என்று கேட்டு, விடைக்குச் சான்றும் பெற வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி கண்டவர் கணித அறிஞர். 1976 ஆம் ஆண்டில் விற்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். ஒருவரிடம் இரண்டு திறவுகோல்கள் இருக்கும். ஒன்று ஊரறியத் தருவது. அது பொதுத் திறவுகோல். மற்றொன்று உயிர்போலக் காப்பது. அது தனித் திறவுகோல். தனித் திறவுகோலால் இட்ட முத்திரையைப் பொதுத் திறவுகோல் கொண்டு யாரும் சரிபார்க்கலாம். ஆனால் அதனைக் கொண்டு அம்முத்திரையைப் போலியாக இட இயலாது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்னும் மூவர் இதனை நடைமுறைக்கு ஏற்ற கணக்காக வகுத்தனர்.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. இன்ன பொதுத் திறவுகோல் இன்னாருடையதுதான் என்று சொல்பவர் யார்? 1978 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பட்டப்படிப்பு மாணவராக இருந்த லோரன் கோன்ஃபெல்டர் தம் ஆய்வேட்டிலே விடை தந்தார். நம்பிக்கைக்குரிய ஒருவர், பெயரையும் பொதுத் திறவுகோலையும் ஒரே ஏட்டில் எழுதி, தம் முத்திரையை இட்டுக் கொடுக்கட்டும் என்றார். அந்த ஏட்டுக்கு அவர் இட்ட பெயரே சான்றிதழ். 1988 ஆம் ஆண்டில் எக்ஸ் 509 என்னும் அனைத்துலக நியமமாக அதன் வடிவம் வரையறுக்கப்பட்டது. இன்று வங்கித் தளமொன்றைத் திறக்கும்போது கைப்பேசி சரிபார்க்கும் சான்றிதழும் அந்த நியமத்தின் வழிவந்ததே.

இங்கும் சான்று படிப்படியாக மேலேறுகிறது. தளத்துக்கு ஒருவர் சான்று. அவருக்கு இன்னொருவர் சான்று. உச்சியில் இருப்பது மூலச் சான்றிதழ். அந்த மூலச் சான்றிதழுக்கு ஒப்பமிட்டவர் யார்? அதுவே. உலகத்தின் பெரிய சான்று நிறுவனங்கள் அனைத்தின் மூலச் சான்றிதழும் தற்சான்றுதான். இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழினுட்பச் சட்டத்தின்கீழ் அரசு நாட்டிய மூலமும் அவ்வாறே. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னொப்பத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. 2009 ஆம் ஆண்டில் வங்கித்துறையினரின் லங்காசைன் என்னும் சான்றுச் சேவை தொடங்கியது. எங்கு பார்த்தாலும் உச்சியில் இருப்பவர் தமக்குத் தாமே ஒப்பமிட்டவரே.

அப்படியாயின், பெரிய நிறுவனத்தின் தற்சான்றுக்கும் ஓணானின் சாட்சிக்கும் வேறுபாடு என்ன? வேறுபாடு கையொப்பத்தில் இல்லை. அது வந்து சேர்ந்த வழியில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் மூலச் சான்றிதழ்களை, கணினியையும் உலாவியையும் ஆக்குவோர் ஆராய்ந்து முன்கூட்டியே உள்ளே வைத்து அனுப்புகின்றனர். அறிமுகமான கை கொண்டுவந்து வைத்தமையால் அவை நம்பப்படுகின்றன. வழியிலே அறிமுகமற்ற ஒருவர் நீட்டும் தற்சான்றைக் கண்டால் உலாவி எச்சரிக்கிறது. இந்த உண்மையை ஒரு மாணவன் விளங்கிக்கொண்டால், பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாடத்துக்கு டிக்கோயாவை அடுத்த ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தைக் கற்பனையிற் காண்க. காசல்றீ நீர்த்தேக்கத்திலிருந்து எழும் மூடுபனி சாளரம் வரை வந்து நிற்கிறது. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவர் சிலர், பழைய கணினிகள் மூன்றை ஒன்றாகப் பிணைத்துக் கொள்கலத் தொகுதி ஒன்றை அமைக்க முயல்கின்றனர். பாடசாலை நூலகத்தின் பட்டியலும் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களும் அதிலிருந்து எல்லா வகுப்பறைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம்.

கொள்கலம் என்பது யாது? முன்னாளில் தொழிற்சாலையிலே தேயிலையைப் பலகைப் பெட்டியில் இட்டு ஆணியடித்து அனுப்பினர். டிக்கோயாவில் மூடிய பெட்டி இலண்டனில் திறக்கப்படும் வரையில் உள்ளிருக்கும் தேயிலைக்கு வெளிக்காற்றுப் படுவதில்லை. அதுபோல, ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான துணைப்பொருள்களையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்தக் கணினியில் இறக்கினாலும் ஒரே வகையாக இயங்கச் செய்வதே கணினிக் கொள்கலம். 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. பெட்டிகள் பலவாகி, கணினிகளும் பலவாகியபோது, எந்தப் பெட்டியை எந்தக் கணினியில் ஏற்றுவது, ஒரு கணினி நின்றுபோனால் அதன் பெட்டிகளை எங்கே மாற்றுவது என்று பார்த்துக்கொள்ள ஒரு தலைவன் வேண்டியதாயிற்று. 2014 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் வெளியிட்ட குபர்நெட்டிஸ் அப்பணியைச் செய்கிறது. அது கிரேக்கச் சொல். தமிழில் மீகாமன் என்பது அதன் பொருள். மாணவரும் தலைமைக் கணினிக்கு மீகாமன் என்றும், மற்ற இரண்டுக்கும் மாலுமி என்றும் பெயரிட்டனர் என்று கொள்வோம்.

மீகாமன் கட்டளை இடுகிறான், மாலுமிகள் செய்கின்றனர். ஆனால் கட்டளை மீகாமனிடமிருந்துதான் வந்தது என்று மாலுமி அறிவது எப்படி? செய்தேன் என்று அறிக்கை அனுப்பியது தன் மாலுமிதான் என்று மீகாமன் அறிவது எப்படி? கூடத்தின் வலையமைப்பில் யாரோ ஒருவர் தம் மடிக்கணினியைச் செருகி, நானும் மாலுமியே என்று சொன்னால் என் செய்வது? ஆகவே, தொகுதியின் ஒவ்வொரு உறுப்புக்கும் சான்றிதழ் வேண்டும். ஒருபுறம் மட்டுமன்று, கட்டளை இடுவோரும் ஏற்போரும் ஒருவர்க்கொருவர் சான்று காட்ட வேண்டும்.

இச்சான்றிதழை வெளியே வாங்க முடியாதா? 2015 ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் சேவை இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. ஆனால் பொதுச் சான்று நிறுவனங்கள் உலகறிந்த பெயருக்கே சான்று தரும். மீகாமன் என்பது அந்தக் கூடத்துக்குள் மட்டும் வழங்கும் பெயர். அதே பெயருடைய கணினி பதுளையிலும் இருக்கலாம், மதுரையிலும் இருக்கலாம். எவருக்கென்று சான்று தருவது? உள்வீட்டுப் பெயர்களுக்குச் சான்று வழங்குவதைப் பொது நிறுவனங்கள் 2015 நவம்பரோடு நிறுத்தி, எஞ்சியிருந்தவற்றை 2016 ஒக்டோபருக்குள் நீக்கிவிட்டன. ஆகவே, கூடத்துக்குரிய சான்று கூடத்திலேதான் பிறக்க வேண்டும். அங்கே தற்சான்று ஒரு குறுக்கு வழியன்று. அதுவே உரிய வழி.

அதனைச் செய்யும் முறையைச் சுருங்கக் காணலாம். முதலாவது, ஓப்பன் எஸ்.எஸ்.எல். போன்ற இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு கூடத்துக்கென ஒரு தனித் திறவுகோலை ஆக்குதல் வேண்டும். அதனைக் கொண்டு மூலச் சான்றிதழில் அத்திறவுகோலே தனக்கு ஒப்பமிடுகிறது. தற்சான்று என்பது இந்த ஓரிடத்தில் மட்டுமே. மூன்று கணினிகளும் தத்தமக்குத் தாமே ஒப்பமிட்டுக்கொண்டால், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து நம்ப வேண்டிவரும். நாலாவது கணினி வந்தால் மூன்றுக்கும் மீண்டும் அறிமுகம் செய்ய வேண்டும். மூலம் ஒன்றாக இருப்பின், அதனை மட்டும் நம்பினாற் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு கணினியும் தன் தனித் திறவுகோலைத் தானே ஆக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பெயரும் பொதுத் திறவுகோலும் அடங்கிய விண்ணப்பமே மூலத்திடம் செல்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் சான்றிதழ் கேட்கப் போகிறவர் தம் பெட்டகச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதில்லை அன்றோ? மூன்றாவது, மூலம் விண்ணப்பத்தை ஆராய்ந்து, காலவெல்லை குறித்து ஒப்பமிடுகிறது. அந்தக் கணினி எந்தெந்தப் பெயரால் அழைக்கப்படுமோ, எந்தெந்த வலையமைப்பு முகவரியில் இருக்குமோ, அத்தனையும் சான்றிதழில் உரிய இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே பெயரைத் தலைப்பில் எழுதிவிட்டால் போதும் என்றிருந்த பழைய வழக்கத்தைக் கூகிள் குரோம் உலாவி 2017 ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. அன்றன்று முகவரி மாறும் கணினிக்கு எழுதிய சான்றிதழ் மறுநாட் காலையில் செல்லாக்காசாகும். ஆதலின் முதலிலே முகவரிகளை நிலைப்படுத்துதல் நன்று.

நாலாவது படியே உயிர்நாடி. மூலச் சான்றிதழை மூன்று கணினிகளுக்கும் அறிமுகமான கை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வலையமைப்பின் வழியே, யார் அனுப்பினார் என்று தெரியாமல் வந்த மூலத்தை ஏற்பதாயின், இத்தனை பாடும் வீணே. குபர்நெட்டிசை ஆக்கியோர் இதனை நன்குணர்ந்திருந்தனர். தொகுதியில் புதிய மாலுமியைச் சேர்க்கும்போது மீகாமன் ஒரு நீண்ட கட்டளையைத் தருகிறான். அதிலே இரண்டு பொருள்கள் உள. ஒன்று, வழமையில் 24 மணி நேரத்துக்கே செல்லும் நுழைவுச் சொல். அதனால் மாலுமி தன்னை மீகாமனுக்கு அறிவிக்கிறான். மற்றொன்று, மூலச் சான்றிதழிலுள்ள பொதுத் திறவுகோலின் விரற்சுவடு போன்ற நீண்ட எண். அதனால் மாலுமி மீகாமனை அறிந்துகொள்கிறான். அந்த எண்ணை மாணவன் ஒரு கணினியின் திரையிலிருந்து மற்றதற்குத் தன் கையால் எடுத்துச் செல்கிறான். அந்தச் சிறு நடையிலேதான் நம்பிக்கை பிறக்கிறது. அந்த நீண்ட எண் வேலைக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டுச் சேர்க்கும் வழியும் உண்டு. அவ்வழி செல்வோன், வாயிலில் நின்று யார் என்று கேட்டு, விடையைக் கேளாமலே கதவைத் திறந்துவிடும் காவலாளியை ஒப்பான்.

மலைநாட்டுக் கூடத்தில் இரண்டு இடையூறுகள் நேரலாம். அடிக்கடி மின்சாரம் நின்று போகும் இடத்தில், பழைய கணினியினுள் நாணயம் போலக் கிடக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால், கணினியின் கடிகாரம் பல ஆண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். அக்கணினி, நேற்று எழுதிய சான்றிதழைப் பார்த்து, இது இன்னும் பிறக்கவே இல்லை என்று தள்ளிவிடும். மாணவர் சான்றிதழைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலிப்பர். குற்றம் கடிகாரத்தில் இருக்கும். மற்றொன்று காலவெல்லை. குபர்நெட்டிசை நிறுவும் வழமையான கருவி மூலச் சான்றிதழுக்கு 10 ஆண்டும், அதன் கீழுள்ள சான்றிதழ்களுக்கு 1 ஆண்டும் தவணை வைக்கிறது. தை மாதத்தில் ஆசையோடு அமைத்த தொகுதி மறு தையில் ஒருநாள் காரணம் சொல்லாமல் வாயடைத்து நிற்கும். தவணை முடியும் நாளைச் சுவரிலிருக்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்தலே எளிய மருந்து.

இவை எல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்துவதற்கு அரிய பிழை வேறொன்று உண்டு. சான்றிதழ் பொருந்தாதபோது, சரிபார்க்கும் வேலையையே நிறுத்திவிடும் ஏற்பாடு பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. ஒரு சொல்லை எழுதினாற் போதும்; எச்சரிக்கை மறைந்துவிடும்; வேலையும் நடக்கும். கூடத்துக்குள்தானே, யார் வரப்போகிறார் என்று மாணவன் எண்ணுகிறான். ஆனால் அவன் பழகிக்கொண்டது தொகுதி அமைப்பதையன்று. எச்சரிக்கையைப் பாராமல் தள்ளுவதை. அந்தப் பழக்கம் அவனோடு அலுவலகத்துக்குப் போகும், வங்கிக்குப் போகும், மருத்துவமனைக்கும் போகும். தற்சான்றின் ஆபத்து தற்சான்றில் இல்லை; அதனைச் சரியாக நாட்டச் சோம்பி, சான்று பார்ப்பதையே விட்டுவிடுவதில் இருக்கிறது.

எச்சரிக்கையைத் தள்ளாத ஒருவரால் விளைந்த நன்மையைச் சொல்ல வேண்டும். 2011 ஆம் ஆண்டில் நெதர்லாந்திலிருந்த டிஜிநோட்டார் என்னும் சான்று நிறுவனத்தினுள் கள்வர் புகுந்து, 500 க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டனர். கூகிளின் பெயரால் எழுதிய ஒன்றைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல்கள் ஒற்றறியப்பட்டன. அந்நாட்டிலிருந்த ஒருவர், தம் உலாவி காட்டிய எச்சரிக்கையைக் கடந்து போகாமல், இது ஏன் என்று வெளிப்படையாகக் கேட்டார். அக்கேள்வியால் குட்டு வெளிப்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தின் மூலத்தை நீக்கின. அடுத்த மாதமே நிறுவனம் முறிந்தது. பெரிய இடத்துச் சான்று என்பதால் மட்டும் அது பிழையாகாதென்று எண்ணுதல் கூடாது.

தற்சான்றை நாட்டுவோர் செய்யத்தகாததற்கும் சான்று உண்டு. 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்பனையான லெனோவோ மடிக்கணினிகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் தன் சொந்த மூலச் சான்றிதழை நாட்டிவைத்திருந்தது. மூலத்தை நாட்டியதோடு அமையாமல், அதற்கு ஒப்பமிடும் தனித் திறவுகோலையும் எல்லாக் கணினிகளிலும் ஒரே வகையாக விட்டுவைத்தது. 2015 பெப்ரவரியில் அத்திறவுகோல் வெளிப்பட்டது. அதனைக் கையிற் கொண்ட எவரும் அக்கணினிகளை நோக்கி, நானே வங்கி என்று சொல்லிவிடலாம் என்றாயிற்று. ஆகவே, கூடத்தின் மூலத் திறவுகோலைக் கணினியில் விட்டுவையாது, தனிச் சேமிப்புத் தண்டில் இட்டு அலுமாரியில் பூட்டி வைத்தல் வேண்டும். கூடத்தின் மூலச் சான்றிதழைக் கூடத்துக் கணினிகளில் மட்டுமே நாட்ட வேண்டும். தாய் தந்தையர் வங்கிக் கணக்குப் பார்க்கும் கைப்பேசியில் அதனை ஏற்றுதல் ஆகாது. தன் எல்லையை அறிந்த சான்றே நல்ல சான்று.

நேயர்களே! இந்தப் பாடத்தை மலைநாட்டு மாணவர் ஏனையோரினும் ஆழமாக விளங்கிக்கொள்ளக் காரணம் உண்டு. சான்று இல்லாமற் போனால் மனிதனுக்கு என்ன நேரும் என்பது அவர்களின் குடும்ப வரலாறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே மறைந்தோர் பலரின் பிறப்புக்குப் பதிவு இருக்கவில்லை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவருக்கு 7 ஆண்டும் ஆகாதவருக்கு 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்கப்பட்டனர். அதற்கு முன்னரும் அவர்களைப் பற்றிய சீட்டுகளில் அவர்கள் ஒப்பமிட்டதில்லை. கடன் தீர்ந்தால் ஆளை விடுவிப்பேன் என்று துரைமார் எழுதிக் கொடுத்த துண்டு என்னும் சீட்டு 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும் வரையில், தொழிலாளியின் போக்குவரவு பிறரின் கையொப்பத்திலேயே தங்கியிருந்தது.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமரும் செய்துகொண்ட உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களின் கதியை எண்ணிக்கையாற் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியவர்களுக்காக 1988 ஆம் ஆண்டில் 39 ஆம் இலக்கச் சட்டமும், 2003 ஆம் ஆண்டில் 35 ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. அப்போதுதான் நிலைமை தலைகீழாயிற்று. பழைய கடதாசிகளை மலைபோலக் குவிக்கும்படி கேளாமல், சம்பந்தப்பட்டவரே சத்தியக் கடதாசியாலும் பிரகடனத்தாலும் தம்மைப் பற்றிக் கூறுவதை அரசு ஏற்றது. அரை நூற்றாண்டாக ஓணான் சாட்சி என்று ஒதுக்கப்பட்ட சொல் அன்று சான்றாயிற்று. சொல்லியவர் மாறவில்லை. அதனை ஏற்பதென்று சட்டம் முடிவு செய்தது, அவ்வளவே.

தற்சான்றின் தத்துவமும் இதுவே. ஒருவர் தமக்குத் தாமே இடும் ஒப்பத்தின் மதிப்பு, அதனை ஏற்பதென்று முடிவு செய்தவர்களின் எல்லை வரையிலும் செல்லும். அதற்கு அப்பாற் செல்லாது. அந்த முடிவு கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததாக இருத்தல் கூடாது. கைக்குக் கை, சுவடு பார்த்து எடுத்ததாக இருத்தல் வேண்டும்.

முன்னொரு காலத்தில் பிறர் பொறித்த இலக்கத்தைக் கழுத்திலே தாங்கி மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல் ஒருத்தி, இன்று ஒரு கணினியின் முன் அமர்ந்து தன் தொகுதிக்குத் தானே மூலமிட்டு ஒப்பமிடக்கூடும். அது பெருமைக்குரிய செயல். பெருமையோடு பொறுப்பும் வருகிறது. தன் மாலுமிகளிடம் மூலத்தைத் தன் கையாலே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். விரற்சுவட்டை எழுத்தெழுத்தாக ஒப்பிடட்டும். தவணை நாளை நாட்காட்டியில் எழுதட்டும். மாலையில் கூடத்தை மூடிப் புறப்படுமுன், மூலத் திறவுகோலை அலுமாரியில் வைத்துப் பூட்ட மறவாதிருக்கட்டும்.